நீர் வடிந்த துறையில் ஒரு கப்பல்



இலக்கிய மேடையில் போர்க்கப்பலுக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றுவது இயல்பே. எதைக் காட்டுவது, எதை விடுவது என்பது எல்லாக் கலைகளுக்கும் பொதுவான முதற் கேள்வி. பெரும் போர்க்கப்பல் ஒன்றை ஒன்றரை முழ நீளத்திற்குச் சுருக்கிச் செய்யும் சிற்றுருக் கலைஞனும் அந்தக் கேள்விக்கு விடை சொல்லியே தீரவேண்டும். அவன் சொல்லும் விடையில் போரைப் பற்றிய ஒரு கருத்தும், உழைப்பைப் பற்றிய ஒரு கருத்தும் அடங்கியிருக்கின்றன. இன்றைய உரையின் பொருள் அதுவே.

கப்பல் சிற்றுருக்களைப் பொதுவாக மூன்று வகையாகக் காணலாம். நீர்மட்டத்தோடு நின்றுவிடுவது ஒரு வகை. அதன் கீழே நீலம் தீட்டிய பலகை கடலாக நிற்கும். முழு உடலையும் செய்து பித்தளைத் தாங்கியின் மேல் ஏற்றி வைப்பது இரண்டாம் வகை. சூழலோடு சேர்த்துக் காட்சியாக அமைப்பது மூன்றாம் வகை. இதனை 'டையோரமா' என்பர். 1822இல் பாரிஸ் நகரில் டாகேர் என்ற ஓவியர் தமது காட்சியரங்கிற்கு இட்ட பெயர் அது. தமிழில் காட்சிமாதிரி எனலாம். கப்பலுக்கு அமையும் காட்சிமாதிரிகளுள் கடினமானதும் பொருள் பொதிந்ததும் உலர்துறைக் காட்சியே.

உலர்துறையைத் துறைமுகங்களில் 'டிரை டாக்' என்றே வழங்குவர். கரையில் வெட்டிக் கற்காரையால் கட்டிய நீண்ட தொட்டி அது. தொட்டியின் தரையில், கப்பலின் அடிமரமாகிய ஏரா எங்கெங்கு அமருமோ அங்கெல்லாம் முன்னதாகவே கட்டைகளை அடுக்கி வைப்பார்கள். பின் நீரை உள்ளே விட்டு, கப்பலை மிதக்கவைத்துக் கொண்டுவந்து, மிதவைக் கதவால் வாயிலை அடைத்து, நீரை இறைப்பார்கள். நீர் இறங்க இறங்கக் கப்பலும் இறங்கிக் கட்டைகளின் மேல் அமரும். கட்டை ஓரிடத்தில் தவறினாலும் பல்லாயிரம் டன் எடை தவறான இடத்தில் ஊன்றி அடித்தகட்டை நெளித்துவிடும். நீருக்கடியில் யாரும் காணாதிருந்த சுக்கானும் சுழலிகளும், பாசியும் சிப்பியும், பிளந்த இணைப்புகளும் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வருகின்றன.

இக்காட்சிக்கு உரிய சிறந்த எடுத்துக்காட்டு, அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலான யார்க்டவுன் 1942 மே 28ஆம் நாள் ஹவாய்த் தீவுகளின் பேர்ல் ஹார்பர் முதலாம் எண் உலர்துறையில் நின்ற காட்சியாகும்.

அந்தத் துறைக்கே ஒரு வரலாறு உண்டு. 1909இல் அதன் கட்டுமானம் தொடங்கியது. 1913 பிப்ரவரி 17 அன்று, கீழிருந்து மேலெழுந்த நிலத்தடி நீரின் அழுத்தம் தாங்காமல் அதுவரை கட்டியது குலைந்து போயிற்று. சுறாத் தெய்வத்தின் உறைவிடத்தைத் தோண்டியதால் வந்த வினை என்று ஹவாய் மக்கள் கூறினர். பொறியாளர்கள் தரையின் கட்டுமானத்தை மாற்றினர். பூசாரி வந்து சாந்தி செய்தார் என்றும் சொல்லப்படுகிறது. 1919 ஆகஸ்டில் துறை திறக்கப்பட்டது. வெளியிலிருந்து கப்பல் அழுத்துவது ஒருபுறமிருக்க, அடியிலிருந்து கடல் தள்ளுவதையும் உலர்துறை தாங்கவேண்டும் என்பதை அந்தச் சரிவு கற்பித்தது.

இனிக் கப்பலின் கதைக்கு வருவோம். 1937இல் பணியேற்ற யார்க்டவுன், 1942 மே 8 அன்று பவளக் கடற்போரில் குண்டடி பட்டது. குண்டு பறப்புத்தளத்தைத் துளைத்துப் பல அடுக்குகளைக் கடந்து உள்ளே வெடித்தது. அருகில் கடலில் விழுந்த குண்டுகளின் அதிர்ச்சியால் எண்ணெய்த் தொட்டிகளின் இணைப்புகள் விட்டன. எண்ணெய் ஒழுக ஒழுகவே அது மே 27 அன்று பேர்ல் ஹார்பருக்குத் திரும்பியது. சீர்செய்ய 90 நாட்கள் ஆகும் என்பது முதல் மதிப்பீடு. ஆனால் ஜப்பானியக் கடற்படை மிட்வே தீவை நோக்கி வருவதைச் சங்கேதச் செய்திகளை உடைத்து அறிந்திருந்த தளபதி நிமிட்ஸ், மூன்றே நாளில் கப்பல் வேண்டும் என்றார். உலர்துறையில் ஏற்றுமுன் விமான எரிபொருளை இறக்கிவிடவேண்டும் என்ற பாதுகாப்பு விதியும் ஒதுக்கப்பட்டது. நீர் முற்றும் வடியுமுன்பே, இடுப்பளவு ரப்பர்க் காலுறை அணிந்து நிமிட்ஸும் பொறியாளர்களும் கப்பலின் அடியில் நடந்தனர்.

சுமார் 1,400 பணியாளர்கள் இரவுபகலாக வேலை செய்தனர். வரைபடம் எழுத நேரமில்லை. சேதமுற்ற இடங்களில் உருக்குத் தகடுகளை ஒட்டினர். நொறுங்கிய உட்சுவர்களுக்கு முட்டுக்கொடுத்தனர். எல்லாம் சீராகிவிடவில்லை. பழுதுற்ற கொதிகலன்களைத் தொட நேரமில்லாததால் முழு வேகம் திரும்பவில்லை. மே 29 அன்று துறைக்குள் மீண்டும் நீர் புகுந்தது. மே 30 காலை கப்பல் புறப்பட்டுவிட்டது.

இந்தக் காட்சியை 350இல் ஒரு பங்கு அளவில் செய்வதாகக் கொள்வோம். ஏறத்தாழ 247 மீட்டர் நீளமுள்ள கப்பல் 70 சென்டிமீட்டராகும். 305 மீட்டர் நீளத் துறை 87 சென்டிமீட்டர். மார்பளவு உயரமுள்ள ஏராக்கட்டை 4 மில்லிமீட்டரை எட்டாது. நின்ற மனிதன் 5 மில்லிமீட்டர்; ஒரு நெல்மணியைவிடச் சிறியவன். 2 சென்டிமீட்டர்த் தகடு முடியினும் மெல்லியதாகிவிடும். அரித்தெடுத்த பித்தளைத் தகடுகளைக் கொண்டு கைப்பிடி வேலிகளும் ஏணிகளும் பாரந்தூக்கிகளின் சட்டங்களும் செய்யலாம். ஆயினும் சிலவற்றை அளவுக்குள் அடக்கவே முடியாது. அவற்றை விட்டுவிடுவதே நேர்மை. தடித்த ஆணித்தலைகளைப் பதித்துக் கண்ணைக் கவர்வது பொய்யாகும்.

வேலையின் வரிசையும் உண்மைத் துறையின் வரிசையையே பின்பற்றவேண்டும். முதலில் தொட்டி, பிறகு கட்டைகள், கடைசியில் கப்பல். கப்பலை முதலில் செய்துவிட்டுக் கட்டைகளை அடியில் செருக முயன்றவர்கள், ஏரா ஓரிடத்தில் தொடாமல் மயிரிழை வெளிச்சம் தெரிவதைக் கண்டு வருந்தியதுண்டு. அந்த இடைவெளி ஒன்று போதும், கப்பலுக்கு எடையே இல்லை என்று பார்ப்பவனுக்குக் காட்டிக்கொடுக்க. ஆகவே கட்டைகளின் தலையை ஒரே மட்டமாகத் தேய்த்து, ஒவ்வொன்றின் மேலும் பாரம் இறங்கியிருப்பது தெரியும்படி அமர்த்தவேண்டும்.

அடுத்தது வண்ணம். நீர்மட்டத்திற்குக் கீழே சிவப்பு, மட்டத்தையொட்டிக் கரும்பட்டை என்பது அக்காலத்து அமெரிக்கக் கப்பல்களின் வழக்கு. ஆனால் யார்க்டவுன் பிப்ரவரி 16 முதல் சுமார் 100 நாட்கள் வெப்பக்கடல்களில் திரிந்து வந்தது. கடைச் சரக்குபோல் பளபளக்கும் சிவப்பு அதற்குப் பொருந்தாது. பாசியின் பசுமையும் எண்ணெய் வழிந்த கறையும் அதன்மேல் படிந்திருக்கவேண்டும். நிமிட்ஸ் நடந்த கணத்தைத் தேர்ந்தெடுத்தால், தரையில் ஓரடிக்கும் குறைந்த நீர் நிற்கவேண்டும். மாதிரியில் அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தெளிந்த பிசின் படலம். அந்தப் படலம்தான் இது அவசரத்தின் கணம் என்று சொல்கிறது. முற்றும் உலர்ந்த தரையில் அந்தச் செய்தி இல்லை.

இங்கே கலைஞனுக்கு ஒரு சோதனை காத்திருக்கிறது. விமானந்தாங்கிக் கப்பல் என்றால் தளம் நிறைய விமானங்களை அடுக்கவே கை துடிக்கும். ஆனால் கப்பல் துறையை அடையுமுன் விமானங்கள் கரைக்குப் பறந்துவிடுவது வழக்கம். பல மாத உழைப்பில் செய்த விமானங்களைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, வெறுந்தளத்தில் கம்பிச் சுருள்களையும் காற்றுக் குழாய்களையும் மரச்சட்டங்களையும் பரப்பத் துணிவு வேண்டும். அழகைக் கைவிட்டு உண்மையைப் பற்றிக்கொள்ளும் அத்துணிவு எழுத்தாளனுக்கும் வேண்டுவதே.

அதைவிடப் பெரிய சோதனை மனிதர்களைப் பற்றியது. பெரும்பாலான காட்சிமாதிரிகளில், கப்பலின் பருமனைக் காட்டுவதற்காக மட்டும் பத்துப் பன்னிரண்டு உருவங்களை நிறுத்திவிடுகிறார்கள். யார்க்டவுனின் அந்த இரண்டு நாட்களுக்கு அது போதாது. அங்கே நடந்தது மனிதர்களின் வேலை. கப்பலுக்குள் மறைந்தவர்கள் போக, நூற்றுக்கணக்கானோர் வெளியே தெரியவேண்டும். பற்றவைப்பவர், பலகை சுமப்பவர், கயிறு இழுப்பவர், சுவரோரம் அமர்ந்தபடியே உறங்கிவிட்டவர் என ஒவ்வொரு நெல்மணி உருவுக்கும் ஒரு வேலை இருக்கவேண்டும். நூறு உருவங்களுக்கு வண்ணமிட்டபின் கலைஞன் களைத்துவிடுவான். அந்தக் களைப்பில்தான் 1,400 என்ற எண் அவனுக்கு முதன்முதலாகப் பொருள்படும்.

கிடைக்கும் சான்றுகளையும் மதிக்கவேண்டும். மே 29 அன்று எடுத்த புகைப்படம் ஒன்றில் யார்க்டவுன் துறையில் நிற்கிறது. தொலைவில், 1941 டிசம்பர் 7 தாக்குதலில் மூழ்கிய வெஸ்ட் வர்ஜீனியா என்ற போர்க்கப்பலை மீட்கும் பணி தெரிகிறது. ஜூன் 9 அன்று அக்கப்பலும் இதே துறைக்குள் வந்தது. அதற்குள் சிக்கி மாண்டவர்களின் உடல்கள் பல அப்போதுதான் வெளியே எடுக்கப்பட்டன. நீர் வடிந்தால் வெளிப்படுவது கப்பலின் காயம் மட்டுமன்று.

சான்றின் எல்லைக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. யார்க்டவுனின் சிதைவை 1998 மே மாதம் ராபர்ட் பல்லார்ட் குழுவினர் சுமார் 5 கிலோமீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்தனர். 2025 ஏப்ரலில் மீண்டும் ஆய்வு செய்த கருவி, விமானக் கொட்டடிக்குள் ஒரு மோட்டார் காரைப் படம்பிடித்தது. அதற்கு முன் எந்தக் கலைஞனாவது அக்கொட்டடியில் ஒரு காரை வைத்திருந்தால், கற்பனை மிகை என்று அனைவரும் நகைத்திருப்பர். தெரிந்ததைத் துல்லியமாகச் செய்வதும், தெரியாத இடத்தில் கதவை மூடியவாறே விடுவதும்தான் இக்கலையின் அறம். கடல் தன் கதவை எப்போது திறக்கும் என்று யாரும் சொல்லமுடியாது.

இனி முடிவுக்கு வருவோம். ஜூன் 4 அன்று மிட்வேயில் யார்க்டவுன் விமானங்கள் சோர்யூ என்ற ஜப்பானியக் கப்பலை அழித்தன. அன்றே யார்க்டவுனும் குண்டுகளாலும் நீர்மூழ்கிக் குண்டுகளாலும் தாக்கப்பட்டு, ஜூன் 7 விடியலில் மூழ்கியது. முதல் தாக்குதலின் சேதத்தை மாலுமிகள் விரைந்து சீர்செய்துவிட்டதால், அடுத்து வந்த ஜப்பானிய விமானிகள் அதை வேறொரு கப்பல் என்றே எண்ணினர். ஆயிரத்து நானூறு பேர் உயிரைக் கொடுத்துச் சீர்செய்த கப்பல், துறையை விட்டுப் புறப்பட்டு எட்டு நாட்களே வாழ்ந்தது. அந்தப் போரில் ஜப்பானியர் சுமார் 3,000 பேர் மாண்டனர். அந்த உழைப்பின் பயன் ஒருபுறம் வெற்றி, மறுபுறம் சாவு. இரண்டையும் மறைக்காமல் சொல்லவேண்டிய பொறுப்பு சிற்றுருவுக்கும் உண்டு.

போரில் பட்ட வீரனுக்கு நடுகல் நாட்டிய மரபு நம்முடையது. அவன் ஏந்திய வேலை வடித்த கம்மியனுக்குக் கல் நாட்டியதாக அறியோம். குண்டு பொழியும் கடலின் நடுவே யார்க்டவுனைச் செய்து வைத்தால் அது வீரனின் நடுகல். நீர் வடிந்த துறையில், காயங்களோடு கட்டைகளின் மேல் அமர்ந்து, தன்னைச் சுற்றி நெல்மணி அளவு மனிதர்கள் வேலை செய்ய நிற்கும் யார்க்டவுனோ கம்மியர்க்கு எடுத்த கல். அவர்களுடைய பெயர்கள் அதில் இல்லை. எனினும் ஒவ்வொரு கட்டையும் சரியான இடத்தில் இருக்கிறது. பெயர் தெரியாதவர்க்குக் கலை செலுத்தக்கூடிய மரியாதை அதுவே.