முடிந்த காரியமும் மேற்செல்லும் வழியும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட விஷயம், முடிந்துபோன தொழிலையோ பதவியையோ வாழ்வின் ஒரு பகுதியையோ விட்டு மனிதன் எங்ஙனம் மேற்செல்லல் வேண்டும் என்பதாம். காவிரி பாயும் நாட்டிற் பிறந்த நமக்கு இஃது ஏட்டிற் படித்து அறிய வேண்டுவதன்று. சம்பா அறுப்பதற்குச் சில நாள் முன்னரே, வயலில் ஈரம் இருக்கும்போதே, நிற்கும் பயிரினூடே உளுந்தையும் பயற்றையும் விதைக்கின்றோம். அரிவாள் வைக்கும் நாளில் அடுத்த வெள்ளாமை முளைவிட்டிருக்கின்றது. களத்திலே நெல்லைத் தூற்றிப் பதரை நீக்கி, விதைக்கு வேண்டியதைத் தனியே எடுத்து வைக்கின்றோம். அறுத்த தாளைப் பார்த்து அழுவார் ஒருவருமில்லை.

வயலில் இத்துணை விவேகமாய் நடக்கும் நாம் வீட்டிலும் சபையிலும் அங்ஙனம் நடக்கின்றோமா? உத்தியோகத்தினின்றும் விலகிப் பத்தாண்டு கழிந்தும் மனத்தினால் அப்பழைய நாற்காலியிலேயே வீற்றிருப்போர் உளர். தருமகர்த்தா பதவி முடிந்த பின்னரும் கணக்கையும் சாவியையும் ஒப்புவிக்க மனம் வாராதார் உளர். பாட்டனார் காலத்து வரப்புத் தகராற்றைப் பேரன்மார் நியாயஸ்தலத்தில் நடத்துகின்றனர். இத்தனை வேலி நிலம் இருந்த குடும்பம் என்று சொல்லிச் சொல்லியே, இருக்கும் நான்கு மாவையும் தரிசாய்ப் போடுவாரும் உண்டு.

முடிந்த ஒன்றில் இரண்டு பொருள் கலந்திருக்கின்றன. ஒன்று இடம், மற்றொன்று அவ்விடத்தில் நின்று நாம் சம்பாதித்த திறம். இடம் போகும், திறம் போகவேண்டுவதில்லை. இவ்விரண்டையும் பிரித்தறியாதவனே இடத்தோடு தானும் முடிந்துவிட்டதாக எண்ணி மயங்குகின்றான். இதற்குத் தஞ்சை மாநகரின் சரித்திரமே தக்க சான்று.

சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் சகோதரர் நால்வரைத் ‘தஞ்சை நால்வர்’ என்று உலகம் போற்றுகின்றது. முத்துசுவாமி தீட்சிதரிடம் இசை பயின்ற இவர்கள், 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னரின் ஆதரவைப் பெற்றவர்கள். நாட்டியத்துக்குரிய அடவுகளை முறைப்படுத்தினார்கள். அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று இன்று மேடையிற் காணும் கச்சேரி வரிசை அவர்கள் வகுத்ததென்பர். பின்னர்ச் சின்னையா மைசூர் அரசவையை அடைந்தார். வடிவேலு திருவிதாங்கூர் சுவாதித் திருநாள் மகாராஜாவின் அவையில் விளங்கி, 1834-ஆம் ஆண்டில் அம்மன்னரிடம் தந்தத்தினாலாகிய வயலினைப் பரிசாகப் பெற்றார். மேல்நாட்டு வாத்தியமாகிய வயலின் நம் இசைக்கு உரியதாகிய வரலாற்றில் அவர் பெயர் நிலைபெற்றிருக்கின்றது.

1855-ஆம் ஆண்டில் சிவாஜி மன்னர் ஆண் வாரிசின்றி இறந்தார். கிழக்கிந்தியக் கும்பினியார் தஞ்சை அரசைத் தமதாக்கிக்கொண்டனர். பல தலைமுறையாய்க் கலைஞரைத் தாங்கிய அரசவை அத்தோடு ஓய்ந்தது. அரண்மனையையே கலையென்று எண்ணியிருந்தால் கலையும் அன்றே மாண்டிருக்கும். நால்வர் தந்த முறையோ, ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறத்தக்கதாய் இருந்தது. அவர்கள் வழிவந்த பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1869–1954) அம்முறையைக் கிராமத்திலே காத்து வைத்திருந்தார். அவரிடம் பயின்ற ருக்மிணி தேவி 1935-இல் அடையாற்றில் ஆடினார். 1936-இல் கலாக்ஷேத்திரம் தோன்றியது. தஞ்சை அரசவையில் பணிபுரிந்த முன்னோரின் வழியிற் பிறந்த பாலசரஸ்வதி அம்மையார், நால்வர் மரபினராகிய கந்தப்ப நட்டுவனாரிடம் கற்று, அக்கலையை அமெரிக்காவின் கலாசாலை வரையிலும் கொண்டு சென்றார்.

நிற்க. இச்சரித்திரத்தின் மற்றொரு பக்கத்தை மறைத்துப் பேசுதல் தகாது. அக்கலையைக் காத்தவருள் பெரும்பாலார் கோயிலூழியம் செய்த பெண்மணிகள். பொட்டுக்கட்டும் வழக்கம் ஒழிய வேண்டுமென்று டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும், நம் ஜில்லாவின் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் பாடுபட்டனர். ஊழியத்திற்கென்று விடப்பட்ட மானிய நிலங்கள் ஊழியமின்றியே அப்பெண்மணிகட்கு உரியனவாக 1929-இல் சட்டம் ஏற்பட்டது. வழக்கத்தையே தடுக்கும் சட்டம் 1947-இல் நிறைவேறியது. முடியவேண்டியது முடிந்தது; அதில் ஐயமில்லை. ஆயினும் புதிய மேடைகளில் இடம்பெற்றார் சிலரே. பலர், கற்ற வித்தையைப் பிறரிடம் சொல்லவும் நாணி மறைந்தனர். மேற்செல்லுக என்று உபதேசிப்பது எளிது. வழி அடைபட்டிருப்பவர்க்கு அவ்வுபதேசம் வசையேயாம். ஆகையால், முடிந்ததை விடுதல் தனி மனிதன் கடமை. விட்டவனுக்கு வழி காட்டுதல் சமூகத்தின் கடமை.

இவற்றால் நாம் கொள்ளத்தக்கவை மூன்று. முதலாவது, பதவி முடியும் நாளில் கணக்கையும் சாவியையும் மனமுவந்து ஒப்புவித்தல். பாக்கி நிற்கும் கணக்கே மனத்தைப் பின்னுக்கு இழுக்கும். இரண்டாவது, கற்றதை ஒழுங்குபடுத்தி இளைஞர்க்குக் கொடுத்தல். ஓய்வுபெற்ற ஆசிரியர், கணக்கர், எந்திரத் தொழிலாளர் ஆகியோர் வாரத்தில் ஒரு மாலைப்பொழுதை நம் பிள்ளைகளுக்கு ஈவாராயின், அதனினும் சிறந்த நன்கொடை சங்கத்திற்கு வேண்டுவதில்லை. உளுந்தை அறுவடைக்கு முன்னரே விதைப்பதுபோல, உத்தியோகத்தில் இருக்கும்போதே இதற்கு ஆயத்தம் செய்தல் நலம். மூன்றாவது, தொழில் ஓய்ந்தவர்களையும், கணவரை இழந்த சகோதரிகளையும், நிலத்தை விட்டு நகரம் சென்று இடர்ப்படும் இளைஞரையும், ‘போனது போகட்டும்’ என்னும் ஒரு வாய்ச்சொல்லோடு விட்டுவிடாமல், படிப்பும் வேலையும் முதலும் கிடைக்கச் சங்கம் கைகொடுத்தல்.

துக்கமும் அப்படியே. இறந்தாரை மறத்தல் வேண்டுமென்று யான் சொல்லவில்லை. ஆண்டுதோறும் திதி கொடுக்கும் வழக்கத்தை நம் முன்னோர் ஏற்படுத்தினர். நினைவிற்கு ஒரு நாளைக் குறித்தமையால், ஏனைய நாள்களை இருப்பவர்க்குரியனவாக விட்டனர் என்றே யான் கருதுகின்றேன்.

காவிரியில் சென்ற நீரை மீட்பார் இல்லை. அது பாய்ந்த வயலில் விளைந்த நெல் மட்டும் நம் பத்தாயத்தில் இருக்கின்றது. அந்நெல்லில் ஒரு பங்கை விதையாக வைப்போமாக.