கட்டளையை எழுதுவது யார்?

(இரவுப் பாடசாலைகளில் பாடம் நடத்தும் இளைஞர்களுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குக் கணினிச் சிந்தனையை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று பேசச் சொன்னீர்கள். "நம்ம பாடசாலையில ஒரு கம்ப்யூட்டர்கூட இல்லையே அக்கா" என்று காலையில் ஒரு தோழர் கேட்டார். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கணினிச் சிந்தனையைத் தொடங்கக் கணினி தேவையில்லை. 2006இல் ஜெனெட் விங் என்ற கணினி அறிவியலாளர் எழுதிய சிறு கட்டுரைக்குப் பிறகு இந்தச் சொல் கல்வித்துறையில் பரவலானது. எழுதப் படிக்கத் தெரிவதுபோல எல்லோருக்கும் வேண்டிய திறன் இது என்பது அவருடைய வாதம். இதை நான்கு பழக்கங்களாகச் சொல்லலாம். பெரிய சிக்கலைச் சின்னத் துண்டுகளாகப் பிரிப்பது. திரும்பத் திரும்ப வருவதைக் கவனிப்பது. இப்போதைக்குத் தேவையில்லாத விவரத்தை ஒதுக்குவது. இன்னொருவர் படித்து அப்படியே செய்யும்படி படிப்படியாகக் கட்டளை எழுதுவது.

ஒரு விளையாட்டிலிருந்து தொடங்குங்கள். 1 முதல் 100க்குள் ஓர் எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். "இந்த எண்ணைவிடப் பெரியதா?" என்று மட்டும்தான் பிள்ளைகள் கேட்கலாம். முதலில் 7, 23 என்று மனம்போன போக்கில் கேட்பார்கள். பிறகு ஒரு பிள்ளை "50ஐவிடப் பெரியதா?" என்று கேட்கும். ஒவ்வொரு கேள்வியிலும் பாதி எண்கள் கழிந்துபோகும். ஏழு கேள்விகள் போதும். 1000 எண்கள் என்றால்? பத்துக் கேள்விகள் போதும். எண்கள் பத்து மடங்கு கூடியும் கேள்விகள் மூன்றுதான் கூடின. ஏன் என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

நம் பிள்ளைகளுக்கு இதில் வேறொரு பாடமும் இருக்கிறது. "உனக்கெல்லாம் மண்டையில ஏறாது" என்று கேட்டே வளர்ந்த பிள்ளை, விடை தப்பானால் தன்னைத்தான் நொந்துகொள்ளும். இங்கே விடை தப்பானால் எந்தப் படியில் தப்பு என்று தேடுகிறோம், அந்தப் படியைத் திருத்துகிறோம், மறுபடி ஓட்டிப் பார்க்கிறோம். நிரல் எழுதுகிறவர்கள் தினமும் செய்கிற வேலையே இதுதான். பிழை படியில் இருக்கிறது, தன்னிடம் இல்லை என்று பன்னிரண்டு வயதில் தெரிந்துகொள்வது சின்ன விஷயமில்லை.

இனி என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். ஒருநாள், "உங்க அப்பா அம்மா செய்யுற வேலையைப் படிப்படியா எழுதுங்க" என்றேன். வாழ்க்கையோடு சேர்த்துச் சொல்லிக்கொடு என்றுதான் எனக்கும் சொல்லித்தந்திருந்தார்கள். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கடைசிவரை எழுதவில்லை. எல்லோரும் போனபிறகு வந்து, "அக்கா, வேற யாரோட வேலையாவது எழுதட்டுமா?" என்றாள். அவள் அம்மா தூய்மைப் பணியாளர். நான் கேட்டது சாதியைத்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தேவையில்லாத விவரத்தை ஒதுக்கு என்று பாடம் நடத்தியவளுக்கு எதை ஒதுக்கியிருக்க வேண்டும் என்று தெரியவில்லை.

மறுநாள் கேள்வியை மாற்றினேன். "மதியச் சாப்பாட்டு வரிசையில ஏன் இவ்வளவு நெரிசல்? அதைச் சரிசெய்யக் கட்டளை எழுதுங்க." அதே பெண் எழுதினாள்: தட்டுக் கழுவப் போகிறவர்களும் சோறு வாங்க நிற்பவர்களும் ஒரே வழியில் முட்டிக்கொள்கிறார்கள்; போக ஒரு வழி, வர ஒரு வழி. மற்ற பிள்ளைகள் அதை நடித்துக் காட்டினார்கள். சின்னப் பிள்ளைகள் கடைசியில் மாட்டிக்கொண்டார்கள். அவளே பார்த்து, "முதலில் ஆறாம் வகுப்பு" என்று ஒரு வரி சேர்த்தாள். அவள் எழுதியபடி ஒரு வகுப்பே நடந்தது.

இது ஏன் அரசியல்? தேசியக் கல்விக் கொள்கை 2020, ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குள் கோடிங் வரும் என்கிறது. அதே வகுப்புகளில் தச்சு, மண்பாண்டம், தோட்டவேலை போன்ற கைத்தொழில் பழக்கும் பாடமும் வரும் என்கிறது. காகிதத்தில் இரண்டும் எல்லோருக்கும்தான். ஆனால் கட்டணப் பள்ளிக்கு எது அழுத்தமாகப் போகும், சேரிக்குப் பக்கத்துப் பள்ளிக்கு எது போகும்? 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் பாதி நேரம் பள்ளி, பாதி நேரம் பெற்றோர் தொழில் என்றது. குலக்கல்வி என்று பெயர்சொல்லி எதிர்த்த மண் இது. 1954இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்யும் மனிதர்களையே மேல்கீழாக அடுக்கியது என்று அம்பேத்கர் 1936இலேயே விளக்கினார். கட்டளை எழுதும் தலை ஓரிடம், செய்யும் கை ஓரிடம் என்ற அந்த அடுக்கைக் கணினி வகுப்பும் திரும்பக் கட்டிவிடக்கூடாது.

"நெசவிலேயே கணக்கு இருக்கு, குலத்தொழிலே அறிவியல்தான்" என்று சிலர் இனிப்பாகச் சொல்வார்கள். நெசவில் கணக்கு இருப்பது உண்மை. அந்தக் கணக்கை எல்லாப் பிள்ளைகளும் படிக்கட்டும். அதைக் காட்டி நெசவாளர் பிள்ளையை மட்டும் தறிக்குத் திருப்பி அனுப்பாதீர்கள்.

கணினி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கணினி ஆய்வகம் நம் பிள்ளைகளின் உரிமை. அதைக் கேட்டுப் போராடுவோம். அது வரும்வரை பிள்ளைகளைக் காக்கவைக்கக் கூடாது என்பதுதான் என் பேச்சு. தமிழ்நாட்டுப் பாடநூலிலேயே நடுநிலை வகுப்புக் கணிதத்தில் 'தகவல் செயலாக்கம்' என்ற இயல் இருக்கிறது. அதை எடுத்துப் பாருங்கள். அடுத்த வாரத்துக்கு அதுவும் ஒரு சாக்பீஸும் போதும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். வகுப்பு முடியும்போது, இன்று கட்டளை எழுதியது யார், செய்தது யார் என்று எண்ணிப் பாருங்கள். ஒரே பிள்ளைகள் எழுதி ஒரே பிள்ளைகள் செய்திருந்தால், பிழை நம் வகுப்பில் இருக்கிறது. அந்தப் படியைத் திருத்திவிட்டு மறுபடி தொடங்குங்கள்.