இரும்புக் குளிசையும் தேத்தண்ணியும்

பதுளை, பசறை, லுணுகலை, அப்புத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்ணொருவர் கருவுற்றுக் கிளினிக்கில் பதிந்துகொண்டால், இரும்புச்சத்து, போலிக் அமிலம், விற்றமின் சி, கல்சியம் ஆகிய குளிசைகள் அவர் கைக்கு வந்து சேர்கின்றன. அவற்றுள் எதை எப்போது, எதனோடு விழுங்குவது என்பதை உறையில் எழுதப்படும் ஓரிரு சொற்கள் விளக்கிவிடுவதில்லை. குளிசையை எண்ணிக் கொடுப்பதற்கு அப்பால் மருந்தாளருக்கு வேண்டிய அறிவு அங்கேதான் தொடங்குகிறது.

தேநீருக்குத் துவர்ப்பைத் தரும் பொலிபீனோல் என்னும் சேர்மங்கள் குடலில் இரும்போடு பிணைந்து, அது இரத்தத்தில் சேர்வதைத் தடுக்கின்றன. உணவோடு தேநீர் அருந்தினால் தாவர உணவிலுள்ள இரும்பு உறிஞ்சப்படுவது பாதிக்கும் மேலாகக் குறையலாம் என்பதை 1970களின் ஆய்வுகளே காட்டியுள்ளன. குளிசையில் இரும்பு மிகுதி என்பதால் அதில் இழப்பு அவ்வளவு பெரிதன்று எனினும், காலையில் ரொட்டி, தேத்தண்ணி, குளிசை மூன்றையும் ஒன்றாக முடித்துக்கொண்டு மலைக்கு ஏறுபவருக்கு இரண்டு இழப்புகளும் சேர்ந்தே நேர்கின்றன. தேயிலைத் தோட்டத்தில் தேநீரையே விடச் சொல்வது வீண் அறிவுரை. குளிசைக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமேனும், இயன்றால் இரண்டு மணி நேரமும் விடச் சொல்வதே நடக்கக்கூடியது. கல்சியமும் இரும்பை மறிப்பதால் அதை வேறொரு வேளைக்கு மாற்ற வேண்டும். விற்றமின் சியோ இரும்புக்குத் துணை செய்வதால் இரண்டையும் சேர்த்தே விழுங்கலாம்.

மலம் கறுத்துப் போவதைக் கண்டு அஞ்சிக் குளிசையை நிறுத்திவிடுவோர் உண்டு. அந்நிறம் உறிஞ்சப்படாத இரும்பினால் வருவது, தீங்கற்றது என்பதை முதல் நாளிலேயே, அவருக்குப் புரியும் தமிழில் சொல்லிவிட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

மருந்தாளர் கணக்கில் கவனிக்க வேண்டியது இன்னொன்றுண்டு. உலர்ந்த பெரசு சல்பேற்றுக் குளிசையின் உறையிலுள்ள 200 மில்லிகிராம் என்பது உப்பின் எடை. அதனுள் இருக்கும் தனி இரும்பு ஏறத்தாழ 65 மில்லிகிராம் மட்டுமே. ஒற்றை அறை லயத்தில், பிள்ளைகளின் கைக்கெட்டும் இடத்தில் அந்த உறை கிடக்குமானால் இக்கணக்கு உயிர் சார்ந்ததாகிவிடுகிறது, ஏனெனில் தாய்க்கு மருந்தாகும் இரும்பு சிறு பிள்ளைக்கு நஞ்சு. பல குளிசைகளை விழுங்கிய பிள்ளை வாந்தி எடுத்தபின் சில மணி நேரம் தேறியதுபோலத் தோன்றி, பிறகு திடீரென மோசமடையக்கூடும். ஆகவே தேறிவிட்டதென்று வீட்டில் காத்திராமல், எத்தனை குளிசை குறைகிறது என்று எண்ணி, அந்த உறையோடே பிள்ளையை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.