துப்பாக்கிக் கட்டையும் தச்சன் தர்மமும்

(ஒடுகத்தூரில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)

 

தேரையும் கதவையும் குறித்து இம்மேடையில் பேசினோர் பலர். நாம் துப்பாக்கிக் கட்டை ஒன்றைக் குறித்து, நம்முடைய பிழையையும் மறையாமல், சில வார்த்தை சொல்லத் துணிந்தோம்.

சில வருஷங்களுக்கு முன், ஜவ்வாது மலையடிவாரத்தில் நிலமுடைய ஒரு கனவான், பயிர்க்காவலுக்கென உரிமம் பெற்ற தமது துப்பாக்கிக்குக் கருங்காலிபோற் கறுத்த புதுக் கட்டை வேண்டுமென்றார். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கும் உரிமம் அவசியம். ஆகையால் உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர் மூலமாகவே அவ்வேலை நம்மிடம் வந்தது.

அக்ரோட் மரமே இவ்வேலைக்கு உலகெங்கும் உத்தமமெனக் கொள்ளப்படுவது. அது கிடையாமையால் நன்கு உலர்ந்த வேங்கையைக் கொண்டோம். கட்டையை இழைத்து, கடுக்காய்க் கஷாயம் பூசி உலர்த்தினோம். பின்னர் இரும்புத் துருவைக் காடியில் ஊறவைத்து வடித்த நீரைப் பூசினோம். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் கூடியவுடன் மரம் கறுத்துவிடும். மேலே ஆளிவிதை எண்ணெய் தேய்த்தால் மெருகு ஏறும்.

ஆனால், சாயமிடுமுன் கைப்பிடிக் கழுத்தில் மயிரிழை போன்றதொரு வெடிப்பைக் கண்டோம். மரத்தின் நாரும் அவ்விடத்தில் குறுக்கே ஓடியது. குண்டு முன்னே பாயுங்கால் துப்பாக்கி பின்னே உதைக்கும்; மெலிந்த கழுத்துக்கு அவ்வுதை பெருஞ் சோதனை. இஃது அறிந்தும், கெடு நெருங்கியதென்று அரக்கால் அடைத்துச் சாயத்தால் மூடினோம்.

ஒரு வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு வந்தவர், பிளந்த அக்கட்டையை நம்முன் வைத்தார். அவர் உள்ளங்கையில் கட்டுப் போட்டிருந்தது. "ஆசாரியாரே, இது உங்கள் கண்ணுக்குத் தெரியாமலா போயிருக்கும்?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நாமும் மறுமொழி சொல்ல வகையற்று நின்றோம்.

பிறகு கழுத்தின் நீளத்துக்கே நாரோடும் மரத்தைத் தேடியெடுத்து, கூலி பெறாமல் வேறு கட்டை செய்துகொடுத்தோம். அது இன்றளவும் பழுதின்றியிருக்கிறது. எனினும் அவர் கைத்தழும்பு மாறவில்லை.

தொழில் பயிலும் இளைஞர்களே! சாயம் மரத்துக்கு அழகு செய்யவே ஏற்பட்டது. குற்றத்தை மூட அன்று. வாங்குவோன் கண் கறுப்பை மட்டும் காணும். உள்ளிருப்பதைக் காண்பது நம் கண்ணே. அக்கண்ணை நம்பியன்றோ அவன் தன் கையையும் தோளையும் நம்மிடம் ஒப்புவிக்கிறான்! வெடிப்பைக் கண்டால் மரத்தைத் தள்ளுங்கள்; கெடு தவறினால் உண்மையைச் சொல்லுங்கள். நமது குலத்தின் கௌரவம் அதிலேயே நிலைபெறும்.