கழுத்து வலிக்குக் காந்தமா, பயிற்சியா?



கல்விச் சங்கத்தின் மேடையில் கழுத்து வலியைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். செங்கல்லும் மண்ணும் நாற்றுக்கட்டும் சுமந்து வாழ்ந்த மக்கள் நாம். சும்மாடு ஏறாத தலை நம் தெருக்களில் குறைவு. 3 மாதங்கள் கடந்தும் நீங்காத கழுத்து வலி நம்மவர் பலரை வருத்துகின்றது. இவ்வலியைப் போக்குவதாகக் காந்த மாலை, காந்தப் பட்டை, காந்தப் படுக்கை எனப் பல பொருள்கள் விற்பனைக்கு வருகின்றன. பள்ளிக்கு வரும் பெற்றோர் இவற்றைப் பற்றி எம்மிடம் கேட்பதுண்டு. ஆகவே, காந்தச் சிகிச்சையையும் இயன்முறை மருத்துவம் எனப்படும் பிசியோதெரபியையும் ஒப்பிட்டு நோக்குவோம்.

குருதியில் உள்ள இரும்பைக் காந்தம் ஈர்த்து, குருதி ஓட்டத்தைப் பெருக்கும் என்பர் விற்போர். குருதியில் இரும்பு உண்டு என்பது மெய்யே. ஆயின் அது ஹீமோகுளோபினில் பிணைந்திருப்பது. ஆணியைப் போலக் காந்தத்தில் ஒட்டுவதன்று. எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தம் கழுத்தில் அணியும் காந்தத்தினும் பன்மடங்கு வலிமை உடையது. அதனுள் படுத்தவரின் குருதியும் ஓரிடத்தில் திரள்வதில்லை.

“அணிந்தேன், வலி குறைந்தது” என்பாரும் உளர். அவர்கள் பொய் கூறவில்லை. நாட்பட்ட வலி தானே ஏறி இறங்கும் இயல்புடையது. நம்பிக்கையும் அதனைத் தணிக்கும். இதனைப் பிரித்தறியும் வழியை 1784-ஆம் ஆண்டிலேயே பிரான்சு நாட்டில் கையாண்டனர். மெஸ்மர் என்பார் பரப்பிய உயிர்க்காந்த மருத்துவத்தை ஆராய மன்னர் பதினாறாம் லூயி அமைத்த குழுவில் பெஞ்சமின் பிராங்கிளினும் லவாய்சியரும் இருந்தனர். கண்ணைக் கட்டிச் சோதித்தபோது, சிகிச்சை நடவாமலே நடப்பதாக நம்பியவர்களுக்கும் அதே விளைவுகள் தோன்றின. இக்காலத்தும் உண்மைக் காந்தத்தையும் போலிக் காந்தத்தையும் இன்னதென்று அறியாதவாறு கொடுத்தே ஆராய்கின்றனர். அத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து 2007-இல் கனடா மருத்துவக் கழக இதழில் வெளிவந்த கட்டுரை, வலி தணிக்கக் காந்தங்களைப் பரிந்துரைக்கச் சான்று இல்லை என்றே முடிவு கூறியது.

இனி இயன்முறை மருத்துவம். ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ள தலையைக் கழுத்தின் 7 எலும்புகளும் அவற்றைச் சூழ்ந்த தசைகளும் தாங்குகின்றன. உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தலை அசையாது மெல்ல அழுத்துதல், தோள்பட்டைகளைப் பின்னோக்கி நெருக்குதல் போன்ற பயிற்சிகள் இத்தசைகளை வலுப்படுத்துகின்றன. இவை நாட்பட்ட வலியைக் குறைப்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. எனினும் இதுவும் மாயமன்று. பயன் ஓரளவே கிட்டும். அதற்கும் வாரக்கணக்கில் விடாது செய்தல் வேண்டும். பயிற்றுநரிடம் முறையாகக் கற்றுச் செய்வதே நன்று. அரசுத் தலைமை மருத்துவமனைகளில் இதற்கெனப் பிரிவு உண்டு. நடமாட இயலாதோர்க்கு இல்லம் தேடிச் சென்று அளிக்கும் ஏற்பாடும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அடங்கும்.

கை மரத்தல், பிடி தளர்தல், நடை தள்ளாடல், காய்ச்சலுடன் வலி, விழுந்து அடிபட்டபின் வலி ஆகியவை தோன்றின் உடனே மருத்துவரை நாடுக. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் காந்தப் பொருள்களை அணிதல் ஆகாது.

தாய்மார்களே! காந்தப் படுக்கைக்குக் கட்டும் தவணை, நம் பிள்ளையின் கல்லூரிக் கட்டணமாக வேண்டிய பணம். இது எவ்வாறு வேலை செய்கின்றது, யார் சோதித்தார், என்ன கண்டார் என்று விற்பவரிடம் தயங்காது கேளுங்கள். நீங்கள் கேட்கத் தயங்கினால், பள்ளியில் படிக்கும் உங்கள் மகளைக் கேட்கச் சொல்லுங்கள். அவள் கேட்பாள்.