சுருள்வில்லும் தாங்குதண்டும்

மோட்டார் வண்டியிற் செல்பவர் தெருவின் மேடுபள்ளங்களைத் தம் உடலால் அறிவர். ஆயின் அவர் அறிவது சிறு பங்கே. பெரும் பங்கை ஏற்றுக்கொள்பவை சில்லுகளுக்கு அருகே சேறு படிந்து, எவர் கண்ணிலும் படாமற் கிடக்கும் இரண்டு உறுப்புகள். ஒன்று சுருள்வில், மற்றையது ஷொக் அப்சோபர் என வழங்கும் அதிர்வுதணிப்பி. வில் வண்டியின் பாரத்தைத் தாங்கும். பள்ளத்தில் விழுந்த சில்லின் அடியை வாங்கிச் சுருங்கும். ஆனால் வாங்கியதைத் தன்னிடமே வைத்திருக்க அதற்கு இயலாது. உடனே திருப்பிக் கொடுத்துவிடும். வில் மட்டுமே உள்ள வண்டி ஒரு பள்ளத்தைக் கடந்த பின்னும் நெடுந்தூரம் ஊஞ்சலாடிக்கொண்டே செல்லும். அந்த ஆட்டத்தை அடக்குவதே தணிப்பியின் தொழில். எண்ணெய் நிறைந்த குழாயொன்றினுள் ஓர் உந்தி மேலும் கீழும் செல்ல, எண்ணெய் மிகச் சிறிய துளைகளின் வழியே நெருக்குண்டு பாய்கிறது. துள்ளலின் வலு வெப்பமாக மாறிக் காற்றிற் கலந்து போகிறது. நெடுந்தூரம் ஓடி நின்ற வண்டியின் தணிப்பியைத் தொட்டுப் பார்த்தால் அது சுடுவது இதனாலேயே.

இவ்விரண்டையும் ஒரே தண்டாக இணைத்து, அத்தண்டையே சில்லை நிறுத்தி வைக்கும் தூணாகவும் அமைத்தவர் ஏர்ள் மக்பேர்சன் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர். உலகப் போர் முடிந்த காலத்தில் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தில் சிறிய வண்டியொன்றை உருவாக்க அவர் முயன்றார். 1947இல் அத்திட்டம் கைவிடப்படவே, அவர் போர்ட் நிறுவனத்திற் சேர்ந்தார். 1950இல் இங்கிலாந்திற் காட்சிக்கு வந்த போர்ட் கொன்சல், செபிர் ஆகிய வண்டிகளின் முன்சில்லுகளில் அவருடைய அமைப்பு இடம்பெற்றது. 1957இல் லோட்டஸ் நிறுவனத்தின் கொலின் சப்மன் அதே கருத்தைப் பின்சில்லுகளுக்கும் கொண்டு சென்றார். ஸ்ட்ரட் என ஆங்கிலத்தில் வழங்கும் இதனைத் தாங்குதண்டு என்று குறிப்பிடலாம்.

உறுப்புகளும் செலவும் குறைந்தன. இஞ்சினுக்கு இடம் கூடியது. ஆனால் இந்தச் சிக்கனத்திற்கு ஒரு விலை உண்டு. பழைய வண்டிகளில் தணிப்பி ஒரு துணையே. அதனைக் கழற்றினாலும் சில்லு தன் இடத்திலேயே நிற்கும். தாங்குதண்டோ அவ்வண்டியின் எலும்பு. அதனைக் கழற்றினாற் சில்லுக்கு மேற்புறப் பிடிப்பே இல்லை. அன்றியும், அமுங்கிய சுருள்வில் ஒன்று அத்தண்டின் தலையிலுள்ள ஒரே நட்டினாற் கட்டுண்டு கிடக்கிறது. வீட்டிலே இவ்வேலையைச் செய்ய முனைவோர் முதலில் உணர வேண்டுவது இதுவே.

இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு டட்சன் 240இசட் என்னும் ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார். 1969இல் ஜப்பானில் பெயர்லேடி இசட் என்ற பெயருடன் வெளிவந்து, 1970இல் அமெரிக்கச் சந்தையை அடைந்தபோது அங்கு அதன் விலை 3,526 டொலர். ஆறு சிலிண்டர் இஞ்சின். எடை ஓராயிரம் கிலோவுக்குச் சற்று மேல். 1971இலும் 1973இலும் கிழக்கு ஆபிரிக்க சபாரி ஓட்டத்தில் இதுவே வென்றது. அந்த ஓட்டத்தின் புழுதியையும் குழிகளையும் அறிந்தவர் இதன் தாங்குதண்டுகளை எளிதாக எண்ணமாட்டார். இவ்வண்டியின் நான்கு சில்லுகளிலும் தாங்குதண்டுகளே உண்டு. இன்று எஞ்சியுள்ளவை அரை நூற்றாண்டைக் கடந்தவை. அவற்றைப் பேணுவோரிற் பலர் விடுமுறை நாளில் வீட்டுக் கொட்டகையில் தம் கையாலேயே வேலை செய்பவர்கள்.

தணிப்பி தேய்ந்ததை அறிதல் கடினமன்று. வண்டியின் ஒரு மூலையை அழுத்தி விட்டால் அது ஒருமுறை எழுந்து அடங்க வேண்டும். மீண்டும் மீண்டும் ஆடுமாயின் உள்ளே வலுவில்லை. தண்டின் மேற்புறம் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருப்பதும் ஓர் அடையாளம். புதிதாக வாங்குவது முழுத் தண்டு அன்று. பழைய குழாயினுள் இறக்கும் உட்குழல் மாத்திரமே. வண்டியைச் செய்த நிறுவனமன்றிப் பிற நிறுவனங்களும் இவற்றைச் செய்து விற்கின்றன. சிலவற்றின் இறுக்கத்தை வேண்டியவாறு கூட்டிக் குறைக்கலாம். ஓட்டப்பந்தய வண்டியைப் போல் இருக்க வேண்டும் என்னும் ஆசையால் மிக இறுகிய நிலையிற் பூட்டுவது பேதைமை. கரடுமுரடான சாதாரணத் தெருவில் அத்தகைய சில்லு நிலத்தைப் பற்றாது தத்திச் செல்லும். வேகம் கூடுவதற்கு மாறாகப் பிடிப்புக் குறையும்.

வேலைக்கு வருவோம். சமதளமான, கெட்டியான தரை வேண்டும். தரையில் நிற்கும் சில்லுகளுக்கு அணை கொடுத்து, ஜக்கினால் உயர்த்திய வண்டியை இரும்புத் தாங்குகால்களின் மேல் இறக்கி நிறுத்த வேண்டும். ஜக்கு உயர்த்துவதற்கு உரியது; தாங்கி நிற்பதற்கு உரியதன்று. இதனைப் பொருட்படுத்தாது வண்டியின் கீழே படுப்பவர் தம் உயிரை ஓர் எண்ணெய் வளையத்திடம் ஒப்படைக்கிறார்.

முன்சில்லுகளின் வேலை ஒப்பளவில் இலகு. சில்லைக் கழற்றிய பின், பிரேக்கின் பிடியை நீக்கிக் கம்பியொன்றினாற் கட்டித் தொங்கவிட வேண்டும். அதன் றப்பர்க் குழாயில் தொங்கவிட்டால் உள்ளே பிளவுண்டு பின்னொரு நாள் பிரேக்கு ஏமாற்றும். கீழே இரண்டு போல்ட்டுகள். மேலே, இஞ்சின் அறையினுள் மூன்று நட்டுகள். அவற்றைக் கழற்றினால் தாங்குதண்டு முழுமையாகக் கையில் வரும். அம்மூன்று நட்டுகளுக்கும் நடுவே பெரிய நட்டொன்று காணப்படும். வில்லைக் கட்டி வைத்திருப்பது அதுவே. வில்லை நெருக்கிப் பிடிக்கும் வரை அந்த நட்டை அசைக்கலாகாது.

இங்கே சற்று நின்று கூற வேண்டியுள்ளது. வண்டியிலிருந்து பிரிந்து தரையிற் கிடக்கும் தண்டைப் பார்ப்பவர், பாரம் நீங்கிவிட்டது, இனி வில் ஓய்ந்திருக்கும் என்று எண்ணுவர். அது தவறு. தலை நட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் இடையே வில் இன்னும் அமுங்கியே இருக்கிறது. அதனை மேலும் நெருக்கும்போது அதில் அடங்கும் விசை ஒரு மனிதனின் எடையினும் மிகுதி. பார்வைக்கு அசைவற்ற இரும்பு. கட்டு அவிழ்ந்த கணத்திலே தலைத்தட்டு பீரங்கிக் குண்டு போலப் பாயும். கையோ தாடையோ அதன் வழியில் இருப்பின் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே கொக்கிகளும் திருகுதண்டுகளும் கொண்ட இரண்டு கருவிகளை வில்லின் இருபுறமும் நேரெதிராக மாட்டி, ஒன்றைச் சில சுற்று, மற்றதைச் சில சுற்று என மாறி மாறித் திருக வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் வில் வளைந்து கொக்கி நழுவும். துருப்பிடித்த திருகுதண்டுகளுக்கு முன்னரே எண்ணெய் இடுதல் வேண்டும். வில் தலைத்தட்டை விட்டுத் தளர்ந்து, தட்டைக் கையாற் சுழற்றக்கூடிய நிலை வந்த பின்னரே நடுநட்டைக் கழற்றலாம். அப்போதும் முகத்தைத் தண்டின் நேர்கோட்டில் வைக்கலாகாது. மலிவான கருவியை இரவல் வாங்கி இவ்வேலையைச் செய்வதிலும், வில்லை மட்டும் ஒரு வேலைத்தலத்திற்குக் கொண்டு சென்று கழற்றுவித்து வருவது நன்று. அதில் மானக்குறைவு எதுவும் இல்லை.

வில் நீங்கிய பின், குழாயின் வாயை மூடியுள்ள வளையநட்டைத் திருகி எடுத்து, பழைய உந்தியையும் எண்ணெயையும் அகற்றி, குழாயை நன்கு துடைக்க வேண்டும். புதிய உட்குழலை இறக்குமுன் சிறிதளவு எண்ணெயைக் குழாயில் ஊற்றுவது வழக்கம்; உட்குழலின் வெப்பம் வெளிக்குழாயை அடைய அது பாலமாகும். வாய்வரை ஊற்றினால் சூட்டில் விரியும் எண்ணெய்க்கு இடமிராது. வளையநட்டு உட்குழலின் தலையை அழுத்திப் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். உட்குழலுடன் அடியில் வைக்கும் இடைத்துண்டு வந்திருந்து, அதனை இட மறந்தால், ஒவ்வொரு குழியிலும் உள்ளே கடகட என்று சத்தம் எழும். பளபளக்கும் உந்தித்தண்டைக் குறட்டினாற் பற்றுவது பெரும் பிழை. அதில் விழும் ஒரு கீறல் புதிய தணிப்பியின் எண்ணெய்க் காப்பைச் சில நாளிற் கிழித்துவிடும்.

இவ்வண்டியைப் பேணுவோர் பெருமூச்சு விடுவது பின்சில்லுகளை நினைத்தே. அங்கே தாங்குதண்டின் அடிப்பாகத்தைக் கீழ்க்கையுடன் இணைப்பது நீண்ட உருக்கு முளையொன்று. அதனை நடுவிலே ஒரு சிறு பூட்டுமுளை பிடித்திருக்கிறது. ஆண்டுக்கணக்கான ஈரத்தில் முளை துருவேறிக் குழாயுடன் ஒன்றாகிவிடும். சுத்தியலால் அடித்தால் அதன் புரியுள்ள நுனி நசுங்கிப் பருக்குமேயன்றி முளை அசையாது. துரு நீக்கும் எண்ணெய், நெருப்பு, அழுத்து இயந்திரம் என எல்லாவற்றையும் முயன்று, இறுதியில் அதனை வாளால் அறுத்தெறிந்தவர் பலர். தணிப்பியை மட்டும் மாற்ற விரும்புவோர் முளையைத் தொடாதிருப்பதே விவேகம். பிரேக்குக் குழாயையும் அச்சுத்தண்டையும் விடுவித்து, மேலேயுள்ள மூன்று நட்டுகளைக் கழற்றிக் கீழ்க்கையை மெல்ல இறக்கினால், தாங்குதண்டு முளையிலேயே சாய்ந்து வெளியே வரும். வில்லையும் உட்குழலையும் அந்நிலையிலேயே மாற்றிவிடலாம்.

மீளப் பூட்டுதல் கழற்றியதன் தலைகீழ் வரிசை. வில்லின் நுனி தட்டிலுள்ள பள்ளத்திற் சரியாக அமர வேண்டும். கீழ்க்கையின் றப்பர்ப் புதைகளைத் தளர்த்தியிருந்தால், வண்டி தன் எடையுடன் தரையில் நின்ற பின்னரே அவற்றை முழுதாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் றப்பர் எந்நேரமும் முறுக்குண்டு விரைவிற் கிழியும். பிரேக்குக் குழாயைத் திறந்திருந்தால் காற்றை முற்றாக வெளியேற்றி, மிதி கெட்டியாக நிற்கிறதா என்று பார்க்காமல் வண்டியை ஓர் அடிகூட நகர்த்தலாகாது. வில்லும் மாறி வண்டியின் உயரமும் மாறியிருந்தால், முன்சில்லுகளின் நேர்மையை அளவிடுவித்தல் வேண்டும்.

முதல் ஓட்டம் தெரிந்த தெருவில், மெதுவாக அமையட்டும். திரும்பி வந்ததும் இஞ்சின் அறையின் மேல்நட்டுகள் மூன்றையும், கீழ்ப் போல்ட்டுகளையும், பிரேக்குப் பிடியின் போல்ட்டுகளையும் மீண்டும் ஒருமுறை சாவியிட்டுப் பார்த்து, குழாயின் வாயில் எண்ணெய் கசிகிறதா என விரலால் தடவிப் பார்த்தால் அன்றைய வேலை முடிந்தது.