ஒரு கிண்ணம் ராஸ்பெர்ரி
(பழைய மாணவர் மறுசந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



"கனடாவில் போய் என்னப்பா சாதிச்சே?" என்று காலையிலிருந்து நண்பர்கள் கேட்கிறார்கள். சாதனையைப் பேச இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். மாணவர்களுக்கு அதுதான் உபயோகப்படும்.

1991-ல் டொரொண்டோவில் ஒரு பழைய வீடு வாங்கினேன். விற்றவர் எழுபது வயது தாண்டிய ஓர் அம்மா. கொல்லையில் பலகை அடித்து, ஓரடி உயரத்துக்கு மண் நிரப்பிய மேட்டுப்பாத்திகள் மூன்று. ஒன்றில் ராஸ்பெர்ரி, அவருடைய மறைந்த கணவர் நட்டது. சாவியைக் கொடுக்கும்போது அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஜூலையில் எனக்கு ஒரு கிண்ணம் பழம் கொடுப்பாயா? ஜாம் செய்ய வேண்டும்." "கட்டாயம்" என்றேன்.

1992 ஏப்ரல். பனி உருகிவிட்டது. பாத்தியில் வெறும் பழுப்புக் குச்சிகள். நான்தான் தாவரவியல் பட்டதாரி ஆயிற்றே! நம்ம ஹாஸ்டல் செம்பருத்தியை ஒட்ட நறுக்கினால் புதுக்கிளை விட்டுப் பூத்துத் தள்ளுமே, அதே நினைப்பில் எல்லாவற்றையும் தரையோடு வெட்டினேன். மேலே இரண்டு கை யூரியாவும் போட்டேன்.

ஜூலையில் புதுத் தண்டுகள் இடுப்பளவு நின்றன. பழம் ஒன்றுகூட இல்லை. கிண்ணத்தோடு வந்த அந்த அம்மா பாத்தியைப் பார்த்தார். கோபிக்கவில்லை. "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அதற்குப் பிறகுதான் படித்தேன். கோடையில் காய்க்கும் ராஸ்பெர்ரிக்கு வேர் பல ஆண்டு இருக்கும். தண்டுக்கு ஆயுசு இரண்டே வருஷம். முதல் வருஷம் வளரும், பனியைத் தாண்டும், மறுவருஷம் காய்த்துவிட்டுச் செத்துப்போகும். செத்த குச்சி என்று நான் வெட்டியது அந்த வருஷத்து விளைச்சல்! நகத்தால் பட்டையைக் கீறினால் போதும். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. காய்த்து முடிந்து பட்டை உரிந்த தண்டுகளையும், நோஞ்சானானவற்றையும் மட்டும் மொட்டு வெடிக்குமுன் அடியோடு எடுக்க வேண்டும். அடிக்கு நாலைந்து நல்ல தண்டு நின்றால் போதும். இலையுதிர்காலத்தில் காய்க்கும் ரகமோ அந்த வருஷத் தண்டிலேயே காய்க்கும். அதைத் தரையோடு வெட்டலாம். ரகம் தெரிந்த பிறகே கத்தரியைத் தொட வேண்டும்.

உரமும் அப்படியே. மேட்டுப்பாத்தி தரையைவிடச் சீக்கிரம் சூடாகும். தண்ணீரும் சீக்கிரம் வடியும். மண் சில்லென்று இருக்கும்போது வேர் உரத்தை எடுக்காது. மழையில் அது கீழே ஓடிவிடும். மொட்டு விரிந்து இலை வரும்போது ஓரங்குல மக்கு உரம் பரப்பினால் தாராளம். ஜூலைக்கு மேல் தழைச்சத்து கூடாது. இளந்தண்டு முற்றாமல் பனியில் கருகும்.

1993 ஜூலையில் பாத்தி சிவந்து கிடந்தது. அதற்குள் அந்த அம்மா முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார். கிண்ணத்தைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். ஜாம் செய்ய அங்கே அடுப்பு ஏது? ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டார். எனக்கும் இரண்டு கொடுத்தார்.

மாணவச் செல்வங்களே, இந்தக் கல்லூரி எனக்குச் சொல்லிக்கொடுத்ததில் தப்பே இல்லை. வெட்டுமுன் அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பட்டம் இருக்கிறது என்ற நினைப்பு என்னைக் கேட்க விடவில்லை. நீங்கள் எந்த ஊருக்குப் போனாலும், அந்த மண்ணில் புழங்கியவரிடம் முதலில் கேளுங்கள்.